ஆள் இருக்கிற கட்டில்

"மெஷின் கத்தவே இல்ல! பக்கத்துல உக்காந்திருந்தவன் சொல்றேன், கத்தவே இல்ல!"

தகரக்காரர் வார்டு வாசலில் நின்று போட்ட சத்தம் கீழே மருந்துக்கடை வரைக்கும் கேட்டது. சும்மா பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல் அது. மீசை முளைக்கும் முன்பே பட்டறைக்குள் போய், தகரம் அடிக்கிற சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். அவருடைய மனைவியை அப்போதுதான் தள்ளுவண்டியில் போட்டு, மூஞ்சியில் ரப்பர் பையை வைத்து அமுக்கிக்கொண்டே ஐசியூவுக்குள் கொண்டுபோயிருந்தார்கள். அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. கதவைச் சாத்திவிட்டார்கள். கதவோடு சண்டை போட முடியாது. கண்ணெதிரே நின்றது ஒல்லியான அந்த நர்ஸ் பெண்தான்.

"நீ எங்கம்மா போயிருந்த? டீ குடிக்கவா?"

"மேசையிலதான் சார் இருந்தேன்."

"இருந்து? ஒரு உசுரு மூச்சுக்குத் தவிக்குது, நீ மேசையைக் காவல் காத்தியா?"

"சார், கட்டில்கிட்ட மெஷின் அடிச்சுது சார். நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க, அதனாலதான் நான்..."

"அடிச்சுதா? எவன் காதுல அடிச்சுது? பண்றதையும் பண்ணிட்டு எம்மேலயே திருப்புறியா?"

அதற்குள் அவருடைய மைத்துனன் படியேறி வந்துவிட்டான். லாரி ஓட்டுகிறவன். நியாயத்தை விசாரிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. யாரை அடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்பான். "எவ மாமா அது?" என்றான். மேசை மேலிருந்த ஊசித் தட்டு பறந்து சுவரில் மோதியது. நர்ஸ் பெண் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். காவலாளிகள் வந்தார்கள். அடையாள அட்டை தொங்க மேனேஜர் வந்தார். நடந்தது என்ன என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சிஸ்டர், நீங்க வார்டை விட்டு வெளியில போங்க. விசாரணை முடியிற வரைக்கும் வர வேணாம்" என்றார். பெரிய இடத்தில் எப்போதும் இதுதான் வழக்கம். தீ பிடித்தால் முதலில் வாளி தூக்குகிறவனைத்தான் வெளியே அனுப்புவார்கள்.

அந்த வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு மெஷின் உண்டு. பச்சை எண் இதயத்துக்கு, நீல எண் ரத்தத்தில் இருக்கிற மூச்சுக்காற்றுக்கு. துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்றை விரலில் மாட்டிவிடுவார்கள். அதிலிருந்துதான் நீல எண் வரும். முன்பெல்லாம் எந்தக் கட்டில் மெஷின் கத்தினாலும் நர்ஸ் மேசையில் கேட்கும். நோயாளி புரண்டு படுத்தால் கத்தும், இருமினால் கத்தும், கிளிப் நழுவினால் கத்தும். காலையிலிருந்து இரவு வரை வீணுக்குக் கத்துகிறதை யார் எழுந்து எழுந்து பார்ப்பார்கள்? நர்ஸ்களுக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கூச்சலுக்கு நடுவே நிஜமாகவே ஒரு மனிதர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் பெரிய டாக்டர்கள் மாதக்கணக்கில் கூடி உட்கார்ந்தார்கள். எந்தச் சத்தம் உயிர் போகிற சத்தம், எது கிளிப் நழுவின சத்தம் என்று தங்கள் படிப்பையும் பழக்கத்தையும் மெஷினுக்குள் ஏற்றினார்கள். இதயம் தடுமாறினால் நேராக மேசைக்குப் போகும். நீல எண் மட்டும் இறங்கி, கையும் அசைந்துகொண்டிருந்தால், அது கிளிப் கோளாறு. முதலில் கட்டிலருகே மட்டும் மெல்லிசாக அடிக்கும். கூட இருக்கிற ஆள் கிளிப்பைச் சரிசெய்வார். சரியாகாவிட்டால் கொஞ்ச நேரம் கழித்து மேசைக்குப் போகும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிற எல்லாமே கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

தகரக்காரர் மனைவிக்குப் பித்தப்பையில் கல். எடுத்தாயிற்று. வயிறு பிழைத்தது, நெஞ்சு படுத்துவிட்டது. அவளுக்கு நெஞ்சு எப்போதுமே பலமில்லை. பட்டறையில் புருஷன் அடித்து வளைத்துக் கொடுக்கிற டிரம், பெட்டி, புகைக்குழாய் எல்லாவற்றுக்கும் மூட்டு பற்றவைக்கிறது அவள்தான். திராவகத்தைத் தொட்டு ஈயத்தை உருக்கும்போது எழும்புகிற வெள்ளைப் புகை முழுக்க அவள் மூக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவளுக்கு மூச்சு முட்டியது. கையை உதறினாள். கட்டிலருகே இருந்த அலமாரிக் கதவு கீல் வளைந்து சாத்தாமல் கிடந்தது. தகரக்காரருக்குக் கை சும்மா இருக்காது. குனிந்து, பெருவிரலால் அந்தக் கீலை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது மேசையிலிருந்து நர்ஸ் ஓடிவருகிறாள், மனைவி நீலமாகக் கிடக்கிறாள்.

இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மெஷின் கத்தவில்லை. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

சாயங்காலம் பட்டறையில் அவர் ஒரு தகட்டை எடுத்துப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காத தகடு. என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. வெயில் இறங்கியும் கூரை கொதித்தது. தண்டவாளத் துண்டின் மேல் தகட்டை வைத்து, மரச்சுத்தியால் விளிம்பை மடக்கி, இரும்புச் சுத்தியால் இறக்கினார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில்தான் பேச்சு.

"வண்டி பேசிட்டேன் மாமா" என்றான் லாரிக்காரன். கால்மாட்டில் குந்தி ரொட்டியை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். "ஆக்ஸிஜன் வெச்ச வண்டி. காலையில அக்காவைத் தூக்கிட்டுப் போய் வேற ஆஸ்பத்திரியில போட்டுருவோம்."

"போடு."

"இவனுங்க கையெழுத்துக் கேப்பானுங்க. ஏதாவது ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்லைன்னு."

"இப்ப மட்டும் பொறுப்பாவா இருந்தானுங்க?" சுத்தி இறங்கியது. "போடுறேன் கையெழுத்து. அந்த நர்ஸை வேலையை விட்டே அனுப்பணும், அந்த மெஷினைத் தூக்கி ரோட்டுல எறியணும். மறுபடி அதுக்குக் கீழ அவளைப் படுக்க வெக்க மாட்டேன்."

மகள் உள்ளே வந்தாள். தையல் கம்பெனியில் காலர் வைக்கிறவள். வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கிருந்து வருகிறாள். கையில் தூக்குவாளி. மதியம் அப்பா தனக்கென்று கொண்டுபோன சோறும் பருப்பும் அப்படியே இருந்தது.

"அப்பா" என்றாள்.

அவர் அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! உங்ககிட்டதான் பேசுறேன்."

அவர் தகட்டைத் திருப்பிப் போட்டார். அவள் மூச்சை இழுத்துவிட்டு மாமன் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா மாமா? நான் பேசினா மனுசருக்கு என்னைக்காவது காதுல ஏறியிருக்கா? நீங்க சொல்லுங்க அவர்கிட்ட. அம்மாவுக்குத் தொண்டையில குழாய் போட்டு மெஷின்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. இப்ப நகத்துனா வழியிலயே போயிரும்னு பெரிய டாக்டரம்மா சொல்றாங்க. ரெண்டு நாள் பொறுத்தா குழாயை எடுத்துருவாங்களாம். அப்புறம் அதே வார்டுக்குத்தான்."

லாரிக்காரன் அதைத் தன் கனத்த குரலில் திருப்பிச் சொன்னான். அதற்கு மட்டும் தகரக்காரர் நிமிர்ந்தார்.

"வழியில போயிருமா? பயமுறுத்துறா! கேஸு போயிரும்னு பயம். நாளைக்கு நானே கேக்கிறேன் அந்த டாக்டரம்மாவை."

"கேளுங்க" என்றாள் மகள். "உங்க வீம்புக்கு அம்மாவைக் கொன்னுட்டு வந்து இங்க உக்காந்து தகரம் தட்டுங்க."

அதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் தூக்குவாளியைத் தரையில் டங்கென்று வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார். "ஏன், என்னவாம் இவளுக்கு?"

மறுநாள் காலையில் மாடியில் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். நீள மேசை, குளிர்சாதனம், சுவரில் சிரிக்கிற குழந்தைப் படம். லாரிக்காரன் வண்டியை வாசலுக்குக் கொண்டுவரப் போயிருந்தான். தகரக்காரரும் மகளும் ஒரு பக்கம். மேனேஜர் எதிரில். ஒல்லி நர்ஸ் சுவரோரம், உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நின்றாள். கண் வீங்கியிருந்தது. மூலையில் ஒரு தள்ளுவண்டியில் அதே மாதிரி மெஷின் ஒன்று நின்றது.

பெரிய டாக்டரம்மா கடைசியாக வந்தார். நரைத்த முடி, ரப்பர்ச் செருப்பு. பார்த்தால் கோபக்காரி என்று தெரிந்தது. மெஷினுக்குள் வித்தையை ஏற்றின கூட்டத்துக்கு இவர்தான் தலைமை.

"உங்க சம்சாரத்தை இப்ப எடுத்துட்டுப் போனா செத்துருவாங்க" என்றார், உட்காருவதற்கு முன்பே. "சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. உங்க மெஷினுக்குக் கீழ படுத்தாலும் சாவா. ஒரு தடவை பாத்தாச்சு."

"மெஷின் அடிச்சுது."

"அடிக்கல."

மேனேஜர் நடுவில் புகுந்தார். "சார், மெஷின் பக்கம் ஒரு தப்பும் இல்ல. கட்டில்ல அடிச்சிருக்கு, சிஸ்டர் கவனிக்கல. அவங்க மேல நடவடிக்கை எடுக்கிறோம், நீங்க..."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் டாக்டரம்மா. "மெஷின் பக்கமும் தப்பு இருக்கு. நேத்து ராத்திரி முழுக்க அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இந்த அம்மா மூச்சு முட்டித்தான் கையை உதறியிருக்காங்க. காத்துப் பத்தாதவங்க அப்படித்தான் பண்ணுவாங்க. நாங்க மெஷினுக்குச் சொல்லி வெச்சது, கை அசைஞ்சா கிளிப் நழுவுதுன்னு எடுத்துக்கோன்னு. அதனால அது மேசைக்குச் சொல்லாம கட்டில்லயே அடிச்சுது. ஆபரேஷன் ஆன, நெஞ்சு கெட்ட ஆளுக்கு அந்தக் கணக்கு சரியில்ல. அந்த மாதிரி ஆளு கையை உதறினா அதையே ஆபத்துன்னு எடுக்கணும். அது எங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான். மெஷினுக்குச் சொல்ல விட்டுட்டோம். இப்ப மாத்துறோம்."

"விட்டுட்டோம்னு எவ்வளவு சுலுவா சொல்றீங்க!"

"சுலுவா சொல்லல." அவர் குரல் உயர்ந்தது. "ஆனா கட்டில்ல அடிச்சது அடிச்சதுதான். நீங்க அதுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தீங்க. அப்பவே ஒரு குரல் கொடுத்திருந்தா அவங்களுக்கு இந்தக் குழாயே வேண்டியதில்ல. நீங்க ஏன் கூப்பிடல? அதுதான் எனக்குப் புரியல."

"கத்தாத மெஷினுக்கு நான் எதுக்குக் கூப்பிடணும்? எனக்கென்ன பைத்தியமா?"

"வேற சத்தம் எதையாவது எதிர்பாத்தீங்களோ என்னவோ. கேட்டுட்டுச் சொல்லுங்க, இதுவா இல்லையான்னு." டாக்டரம்மா மெஷினை இழுத்து, கிளிப்பைத் தன் விரலில் மாட்டினார். நீல எண் வந்தது. கையை உதறினார். எண் இறங்கியது, மஞ்சள் விளக்கு விழித்தது.

மேனேஜர் காதோரத்தைச் சொறிந்தார். நர்ஸ் பெண் தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் வந்து, பிறகு நினைவு வந்து நின்றாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்; அறை முழுக்க, கண்ணாடியில் ஊசியால் கீறுகிற மாதிரி மெல்லிசான, விடாத சத்தம்.

தகரக்காரர் கையைக் கட்டிக்கொண்டு மெஷினைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு பொறுமை போயிற்று.

"ம், அடிச்சுக் காட்டுங்க. ஏன் சும்மா நிக்கிறீங்க?"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"விளக்கு மட்டும் எரியுது. சத்தம் எங்க? பாத்தியா, பாத்தியா, இப்பவும் வரல! இதைத்தானே நான் நேத்திலேருந்து தொண்டை கிழியச் சொல்றேன்!"

"அப்பா" என்றாள் மகள். அவர் திரும்பவில்லை. அவள் போய் அவர் தோளைத் தொட்டாள். "அப்பா. அடிச்சுக்கிட்டுதான் இருக்கு."

"எது?"

"மெஷின். நிக்காம அடிக்குது."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்ன, எல்லாரும் கூடிப் பேசி வெச்சுக்கிட்டு நாடகம் போடுறீங்களா? நீயும் இவங்களோட சேந்துக்கிட்டியா?"

அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். நேராக மெஷினிடம் போனார். தகடு சரியாகப் படிந்ததா என்று அடியில் கை வைத்துப் பார்ப்பது போல, அதன் முதுகில் உள்ளங்கையை அப்பினார். அங்கே, சல்லடை மாதிரி ஓட்டை போட்ட இடத்தில், தோலுக்கடியில் ஈ மாட்டின மாதிரி ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, ஒரே சீராக. கையை எடுத்தார். மறுபடி வைத்தார்.

டாக்டரம்மா கிளிப்பைக் கழற்றி மெஷினை நிறுத்தினார். கைக்குக் கீழே துடிப்பு நின்றது.

"கனத்த சத்தம் கேக்கும்" என்றார் டாக்டரம்மா, இப்போது கனத்த குரலில், அவர் முகத்துக்கு நேராக. "மெல்லிசு கேக்காது. இரும்படிக்கிறவங்களுக்கு மெல்லிசுதான் முதல்ல போகும். கொஞ்சம் கொஞ்சமாப் போறதால போனதே தெரியாது."

தகரக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உட்காரவில்லை. மேசையை ஓங்கி அறைந்தார்.

"அத்தனை பேரு படிச்சவங்க கூடி உக்காந்தீங்களே. நெஞ்சைப் பத்தி யோசிச்சீங்க, மூச்சைப் பத்தி யோசிச்சீங்க, விரல்ல மாட்டுற கிளிப்பைப் பத்தி யோசிச்சீங்க. பக்கத்துல உக்காந்திருக்கிறவன் காது வேலை செய்யுதான்னு ஒருத்தருக்கும் தோணலையா? யாரைக் கேட்டு என் காதை நம்புனீங்க?"

"தோணல" என்றார் டாக்டரம்மா.

"தோணலைன்னா?"

"தோணலைன்னா தோணல. ஆளு இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்தோம். எங்க தப்புதான். உங்க காது உங்களுக்கே இத்தனை வருஷமாத் தெரியல. அதுக்கு யாரை அறையப் போறீங்க?"

சுவரோரம் நின்ற பெண் அப்போதுதான் வாயைத் திறந்தாள். அழுகை இல்லை, கோபம்தான்.

"நானும் அதைத்தான் பாத்தேன் சார். சத்தம் எனக்கு மேசை வரைக்கும் லேசாக் கேட்டுச்சு. எட்டிப் பாத்தேன். நீங்க குனிஞ்சு ஏதோ பண்ணிக்கிட்டிருந்தீங்க. கிளிப்பைத்தான் சரி பண்றீங்கன்னு நெனச்சேன். ஆள் இருக்கிற கட்டிலுக்கு ஓடாத, ஆள் இல்லாத கட்டிலுக்கு ஓடுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. சொல்லிக் குடுத்தவங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. நான்தான் நிக்கிறேன்."

மேனேஜர் "சிஸ்டர், அளவாப் பேசுங்க" என்றார்.

தகரக்காரர் அவர் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது. அவருக்குத் தெரிந்த ஒரே பாஷையில்தான் சொன்னார். "யோவ், அட்டை! அந்தப் பொண்ணை முதல்ல வார்டுக்கு அனுப்பு. அனுப்பலைன்னா நான் இந்த மாடியை விட்டு இறங்க மாட்டேன். கீழ என் மச்சினன் வேற வந்துக்கிட்டிருக்கான், அவனை நீதான் சமாளிக்கணும்."

"சார், நேத்து நீங்கதான் அவங்களை..."

"நேத்து சொன்னவன் செவிடன். இன்னைக்குச் சொல்றேன், அனுப்பு."

கீழே வாசலில் வண்டி நின்றது. லாரிக்காரன் பின்கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தான். வேண்டாம், திருப்பி அனுப்பு என்றதும் அவனுக்குத் தலைக்கேறியது. "உங்களை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரம் போட்டுட்டானுங்களா மாமா? என் அக்காவை இங்கயே போட்டுச் சாகடிக்கப் போறீங்களா?" இவர் காரணத்தைச் சொல்லவில்லை. "அனுப்புடான்னா அனுப்பு" என்று மட்டும் கத்தினார். மகள்தான் சொன்னாள். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "போ பாப்பா. செவிடனா? நான் கூப்பிட்டா தெருக்கோடியிலேருந்து திரும்புவாரு."

"உங்களுக்குத் திரும்புவாரு" என்றாள் அவள். "எனக்குத்தான் திரும்ப மாட்டாரு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். பிறகு அப்பனைப் பார்த்துப் பேசினாள். மெதுவாக இல்லை; தெருவே கேட்கும்படி, தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு.

"பள்ளிக்கூடத்துல பேர் வாங்கிட்டு ஓடியாந்து சொன்னேன், திரும்பல. வேலை கெடைச்சுதுன்னு சொன்னேன், திரும்பல. பொட்டப் புள்ளன்னு இளக்காரம்னு நெனச்சு உங்ககிட்ட பேசுறதையே குறைச்சுக்கிட்டேன். இத்தனை வருஷம் உங்க மேல வளத்து வெச்ச கோவம் அது. இப்ப அதை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? சொல்லுங்க!"

அவர் வண்டியின் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எம்மேலயே கொட்டு" என்றார். "இப்பக் கேக்குதில்ல."

இரண்டு நாள் பொறுத்துக் குழாயை எடுத்தார்கள். ஒருத்தர் மட்டும் உள்ளே போகலாம் என்றதும் இவர்தான் போனார். மனைவிக்குக் குழாய் அறுத்த தொண்டை. மணலில் வாளியை இழுக்கிற மாதிரி அடிக்குரலில்தான் பேச்சு வந்தது. அவருக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

"எனக்குக் காது போயிருச்சாம்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"பாப்பா நடக்க ஆரம்பிச்சதுலேருந்து."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன்டி சொல்லல?"

"சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பட்டறையில் இவள் ஒரு நாளும் அவரைப் பெயர் சொல்லியோ "என்னங்க" என்றோ கூப்பிட்டதில்லை. எண்ணெய்த் துணியைச் சுருட்டி முதுகில் எறிவாள். தெருவில் எல்லாரும், இந்த வயசிலும் என்ன விளையாட்டு பார் என்று சிரிப்பார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

"எம்மேல துணி எறியாம நேரா நின்னு சொல்லியிருக்கணும்."

"நேரா நின்னு சொன்னா சுத்தியலை எறிவீங்க." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அன்னைக்கு மூச்சு முட்டுறப்ப உங்க மேல எறிய ஒரு துணி கிடைக்கல. தேடித்தான் கையை ஆட்டுனேன்."

வெளியே வந்தவர் நேராக டாக்டரம்மாவைத் தேடிப் போனார்.

"அவ கட்டில் சத்தம் நேரா மேசைக்குப் போகணும்."

"மாத்தியாச்சு. நெஞ்சு கெட்டவங்க எல்லாருக்குமே மாத்தியாச்சு."

"எல்லாக் கட்டிலுக்கும் மாத்துங்க."

"முடியாது." அவரும் விடவில்லை. "எல்லாம் மேசைக்கு வந்தா பழைய கூச்சல்தான். அப்புறம் நர்ஸுங்க உங்களை மாதிரி ஆயிருவாங்க. காது இருந்தும் கேக்காது. அப்படித்தான் ஒருத்தரை இழந்தோம்."

"அப்ப பக்கத்துல உக்காந்திருக்கிறவன் காதைச் சோதிங்க. சோதிக்காம எம் பொண்டாட்டியை அந்த வார்டுக்குள்ள நகத்த விடமாட்டேன். கதவுல குறுக்கப் படுத்துக்குவேன்."

டாக்டரம்மா அவரை முறைத்தார். பிறகு பேனாவை மூடிப் பையில் சொருகினார். "வாங்க, இப்பவே பாத்துருவோம்."

நோயாளிகளைப் பார்க்க வருகிற நேரம். வார்டு முழுக்க ஆட்கள். ஜன்னல் வழியாக வெயில் கட்டில் கட்டிலாக விழுந்திருந்தது. கூட இருக்கிறவர்களை எல்லாம் அவரவர் கட்டிலருகே சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். மெல்லிசாக ஒரு சத்தம் வரும், கேட்டால் கையைத் தூக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது. "என்னம்மா இது, பள்ளிக்கூடமா?" என்றார் ஒருத்தர். சிரித்தார்கள். ஒல்லி நர்ஸ் மெஷினோடு திரைக்குப் பின்னால் போனாள். சோதனை உண்டு என்றதும் தகரக்காரர் வழிவிட்டார்; மனைவியைச் சக்கரக் கட்டிலோடு கொண்டுவந்து அவளுடைய இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். அக்காவைப் பார்க்க வந்த லாரிக்காரனும் அந்தக் கட்டில் ஆளாக, சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றான். "நான்தான் இன்னைக்கு உக்காரப்போறேன், எனக்கும் சோதனை பண்ணுங்க" என்று அவனே கேட்டு வாங்கியது.

தகரக்காரர் மட்டும் நடுவில் நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதுக்கு வார்டு அமைதியாகத்தான் இருந்தது. முதல் கை எழுந்தது. அப்படியானால் சத்தம் வந்துவிட்டது. அடுத்த கட்டிலில் கை, அதற்கடுத்து இரண்டு கை. கோடியில் ஒரு கிழவர் தோளில் துண்டோடு சுவரையே பார்த்து நின்றார், கை எழவில்லை. மாவு மில்லில் வேலை செய்கிற பெண் ஒருத்தி, அவளுக்கும் எழவில்லை. அவள் புருஷன் கட்டிலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பெல்லாம் நின்றுபோயிருந்தது. எழாத கைகள் இன்னும் இருந்தன. தகரக்காரர் ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவர் தாடை இறுகியது. இத்தனை நாளும் இவர்களை நம்பித்தான் இத்தனை பேர் படுத்திருந்தார்கள்.

லாரிக்காரன் கண்ணை மட்டும் பக்கவாட்டில் உருட்டினான். அடுத்தவன் கை மேலே இருப்பதைப் பார்த்தான். தன் கையைத் தூக்கினான்.

தகரக்காரர் நாலே எட்டில் போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "கேட்டுத் தூக்குடா. பாத்துத் தூக்காத."

"கேக்குது மாமா!"

"இப்ப?"

"இப்பவும்தான். நல்லாக் கேக்குதே, கீச்சு கீச்சுன்னு."

திரையை விலக்கிக்கொண்டு ஒல்லி நர்ஸ் வெளியே வந்தாள். மெஷினின் ஒயர் பிடுங்கப்பட்டு அவள் கையில் தொங்கியது. எப்போதோ நிறுத்திவிட்டாள்.

லாரிக்காரன் அந்த ஒயரைப் பார்த்தான். "அது... கொஞ்சம் முன்னாடி கேட்டுது" என்றான்.

"எந்திரி... நட வெளிய!" அவன் நின்றுகொண்டுதான் இருந்தான், தகரக்காரருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "பொய் சொல்லி உக்காந்து உங்க அக்காளைக் கொல்லப் பாத்தியே! நானாவது தெரியாம உக்காந்தேன்டா!"

"நீங்க மட்டும் யோக்கியமா? அலமாரி ரிப்பேர் பாத்தவரு தானே நீங்க!"

மகள் இருவருக்கும் நடுவில் புகுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலை ஒட்டி உட்கார்ந்தாள். நர்ஸ் கை எழாத கட்டில்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் மெஷினில் எதையோ மாற்றிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா வாசலைக் காட்டினார். செவிடர் இரண்டு பேரும் வெளியே போய், நடைவழி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கு அதிகம் கேட்கவில்லை என்று சண்டையைத் தொடர்ந்தார்கள். கடைசிக் கட்டில் கிழவருக்குக்கூட அது கேட்டது.

"கதவைச் சாத்துடி" என்றாள் அம்மா.